ஒரு சிறு மூலக்கூறுக்கு வைத்த கைப்பிடி

(ஆதரவாளர் ஐக்கியக் கூடுகையில் எங்கள் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தின் சார்பில் அளிக்கப்பட்ட உரை)



 இந்தக் கூடுகையில் வழக்கமாக டாக்டர்களும் செவிலியர்களும்தான் பேசுவார்கள். வார்டில் நடப்பதை அவர்கள் சொல்லும்போது உங்களில் பலர் கண் கலங்குவதைப் பார்த்திருக்கிறோம். ஆய்வுக்கூடத்தில் ஊழியம் செய்யும் எங்களிடம் அப்படிப்பட்ட சாட்சிகள் குறைவு. நாங்கள் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதைவிட அவர் பெயர் ஒட்டிய குப்பியைப் பார்ப்பதே அதிகம்.

ஆனாலும் உங்களில் சிலர் கேட்ட ஒரு கேள்விக்கு நாங்கள்தான் பதில் சொல்லவேண்டும். "சிறுநீரில் வலி மருந்து இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு ஏன் தனியாகக் காணிக்கை கேட்கிறீர்கள்? போதைப்பொருள் சோதனை ஏற்கெனவே இருக்கிறதே?" என்பதே அந்தக் கேள்வி. நியாயமான கேள்வி. கொடுக்கிறவர் கணக்குக் கேட்பதில் தவறில்லை. அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல, உங்களைக் கொஞ்ச நேரம் ஆய்வுக்கூடத்துக்குள் அழைத்துச் செல்கிறோம்.

நன்மைக்கென்று வந்த மருந்து

நாம் இன்று பேசப்போகும் மருந்தின் பெயர் டிராமடால். 1962இல் ஜெர்மனியில் உருவாக்கப்பட்டு 1977இல் அங்கே விற்பனைக்கு வந்தது. அறுவைக்குப் பின் வரும் வலிக்கும், எலும்பு முறிவுக்கும், புற்றுநோயின் நடுத்தர வலிக்கும் உலகம் முழுவதும் டாக்டர்கள் இதை எழுதிக்கொடுக்கிறார்கள். மார்பீனைவிட வலிமை குறைந்தது. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பின் மார்பீன் வாங்கி வைப்பதே பல மருத்துவமனைகளுக்குப் பெரும்பாடாகிவிட்டது. 2014இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகே அந்தக் கட்டு கொஞ்சம் தளர்ந்தது. அந்த நீண்ட இடைவெளியில் எத்தனையோ நோயாளிகளுக்கு டிராமடால்தான் கைகொடுத்தது. அதற்காக நாம் ஆண்டவரைத் துதிக்கவேண்டும்.

ஆனால் அதே மாத்திரை தவறான கைகளுக்கும் போயிற்று. உடல் அசதி தெரியாமல் உழைக்க, கவலை மறக்க, பிறகு அது இல்லாமல் இருக்க முடியாமல் அதை விழுங்குகிறவர்கள் பெருகினார்கள். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் அது பெரிய கண்ணீராகிவிட்டது. இந்தியாவில் 2018 ஏப்ரலில் மத்திய அரசு இதைப் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது.

அளவுக்கு மீறினால் டிராமடால் இரண்டு விதத்தில் தாக்கும். ஒன்று, அபின் இன மருந்துகளைப்போல மூச்சை மந்தமாக்கும். இரண்டாவது, வலிப்பு வரும். மார்பீன் அளவு மீறியவருக்கு நலாக்ஸோன் என்ற மாற்றுமருந்து பெரும்பாலும் நன்றாக வேலை செய்யும். டிராமடாலுக்கு அது பாதி வழிதான் துணைக்கு வரும். வலிப்பை அது நிறுத்தாது. எனவே எந்த மருந்து என்று தெரிவது இங்கே உயிர்ப்பிரச்சினை.

இராத்திரியில் ஓர் இளைஞனை வலிப்போடு அவசரப் பிரிவுக்குக் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அவனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் இல்லை ஐயா, முதுகுவலிக்கு மாத்திரை போடுவான், அவ்வளவுதான்" என்கிறார் தாயார். பழைய சோதனையைச் செய்தால் "இல்லை" என்றே காட்டும். அந்த "இல்லை"யை நம்பினால் மூளைக்காய்ச்சலா, காக்காய்வலிப்பா என்று தேடி நேரம் போகும். தாயார் சொன்னது உண்மை. சோதனை காட்டியதும் ஒரு விதத்தில் உண்மை. அது மார்பீனைத் தேடிற்று, மார்பீன் இல்லை. டிராமடாலைப் பற்றி அதனிடம் யாரும் கேட்கவில்லை.

சிறியவரை யாரும் கவனிப்பதில்லை

இனி சோதனை எப்படி நடக்கிறதென்று பார்ப்போம். எய்ட்ஸ் பரிசோதனை மூலம் "எலிசா" என்ற பெயர் உங்களில் அநேகருக்குத் தெரியும். நாம் பேசுவதும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சோதனைதான். இதில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒருவர் ஆன்டிபாடி; அவர் பொருளை அடையாளம் காண்கிறவர். மற்றவர் என்ஸைம், அவர் "கண்டுபிடித்தாயிற்று" என்று நிறத்தால் அறிவிக்கிறவர்.

ஆன்டிபாடி என்பது கிருமிகளை எதிர்க்க நம் உடலில் தேவன் வைத்திருக்கும் காவல். ஓர் அந்நியப் பொருள் உள்ளே வந்தால் உடல் அதன் வடிவத்தைப் படித்து, அதற்குச் சரியாகப் பொருந்தும் ஆன்டிபாடியை உண்டாக்குகிறது. அப்படியானால் ஒரு முயலுக்கு டிராமடால் ஊசி போட்டால் டிராமடாலுக்கு ஆன்டிபாடி கிடைத்துவிடுமே என்று நினைப்பீர்கள். கிடைக்காது. டிராமடால் மிகச் சிறிய மூலக்கூறு. அதன் எடை ஏறத்தாழ 263 அலகு. நம் இரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தின் எடை 66,000 அலகுக்கும் மேல். யானையைக் கண்டு உஷாராகும் காவல்காரன் எறும்பைக் கவனிப்பானா? உடலின் காவலும் அப்படியே.

இதற்கு வழி காட்டியவர் கார்ல் லாண்ட்ஸ்டைனர். நம் இரத்தப் பிரிவுகளைக் கண்டுபிடித்ததற்காக 1930இல் நோபல் பரிசு பெற்றவர். சிறிய வேதிப்பொருளை ஒரு பெரிய புரதத்தின் முதுகில் ஏற்றி அனுப்பினால் உடல் அந்தச் சிறியதையும் கவனித்து ஆன்டிபாடி செய்யும் என்று அவர் காட்டினார். சகேயு காட்டத்தி மரத்தில் ஏறியதுபோல என்று சொல்லலாம். உயரம் குறைந்தவர் மேலே ஏறியதும் எல்லாருடைய கண்ணும் அவர்மேல் விழுகிறது.

கைப்பிடியை எங்கே வைப்பது?

ஆனால் டிராமடால் தானாகப் புரதத்தின்மேல் ஒட்டிக்கொள்ளாது. ஒட்டுவதற்கு அதில் ஒரு கைப்பிடி வேண்டும். வேதியியலார் அந்த மூலக்கூறின் ஓரிடத்தில் சில கார்பன் அணுக்கள் கொண்ட சிறு சங்கிலியைச் சேர்த்து, அதன் நுனியில் கார்பாக்ஸிலிக் அமிலத் தொகுதியை வைக்கிறார்கள். அந்த நுனியைத் தூண்டிவிட்டால் அது புரதத்தில் உள்ள லைசின் என்ற பகுதியைப் பிடித்துக்கொள்ளும். இப்படிக் கைப்பிடி வைத்த டிராமடாலையே "டிராமடால் வழிப்பொருள்" என்கிறோம். கடையில் விற்கும் மாத்திரையை வாங்கி இதைச் செய்துவிட முடியாது. பல படிகளாகத் தொகுத்து, தூய்மை செய்து, சரியான பொருள்தானா என்று பார்த்துப் பார்த்துச் செய்கிற நுட்பமான வேலை இது.

கைப்பிடியை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு குடத்தைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் அடிப்பாகம் எல்லாருக்கும் தெரியும், கழுத்து கைக்குள் மறைந்திருக்கும். மூலக்கூறும் அப்படித்தான். கைப்பிடி வைத்த பக்கம் மறைந்துபோகிறது. அதற்கு எதிர்ப்பக்கமே ஆன்டிபாடிக்கு நன்றாகத் தெரிகிறது.

டிராமடாலுக்கு ஒரு பக்கத்தில் பென்சீன் வளையமும் அதன்மேல் மெத்தாக்ஸி என்ற தொகுதியும் இருக்கின்றன. இன்னொரு பக்கத்தில் நைட்ரஜன் அணுவும் அதோடு இரண்டு மெத்தில் தொகுதிகளும். இரண்டுக்கும் நடுவே ஆறு கார்பன் வளையம். நாம் மாத்திரையை விழுங்கியதும் நம் கல்லீரல் அதை வெட்டித் திருத்துகிறது. முக்கியமாக மெத்தாக்ஸியிலிருந்து மெத்திலை நீக்குகிறது. அதனால் வரும் மாற்றுருவே வலியைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கு செய்கிறது. விழுங்கியதில் ஏறத்தாழ 30 சதவீதம் மாறாமல் சிறுநீரில் வரும். ஏறத்தாழ 60 சதவீதம் மாற்றுருக்களாக வரும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கைப்பிடியை மெத்தாக்ஸி பக்கம் வைத்தால் அந்தப் பக்கம் மறைந்துவிடும். ஆன்டிபாடி நைட்ரஜன் பக்கத்தையே படிக்கும். அங்கே மாறாத மருந்தும் மேற்சொன்ன மாற்றுருவும் ஒன்றுபோல இருப்பதால் இரண்டையும் பிடிக்கும். கைப்பிடியை நைட்ரஜன் பக்கம் வைத்தால் மெத்தாக்ஸி வெளியே தெரியும். ஆன்டிபாடி மாறாத மருந்தையும் மெத்தில் இழந்ததையும் வேறுபடுத்திப் பார்க்கக் கற்றுக்கொள்ளும். எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்து இடத்தைத் தெரிந்தெடுக்கிறார்கள்.

ஏமாந்த ஈசாக்கு

ஆதியாகமம் 27ஆம் அதிகாரம் நமக்கெல்லாம் தெரிந்ததே. கண் மங்கிய ஈசாக்கு மகனைத் தொட்டுப் பார்த்து அறிய நினைத்தார். குரலைக் கேட்டுச் சந்தேகம் வந்தும், ஆட்டுக்குட்டித் தோல் போர்த்திய கையைத் தடவி ஏமாந்துபோனார். ஆன்டிபாடியும் கண்ணில்லாத ஈசாக்கைப்போலத்தான். தொட்டுப் பார்க்கும் பாகம் ஒத்திருந்தால் யாக்கோபையும் ஏசா என்று ஏற்றுக்கொள்ளும். இதைக் குறுக்கு வினை என்கிறோம்.

நம் வீட்டுச் சமையலறையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. குருமாவுக்கு அரைக்கும் கசகசா அபின் செடியின் விதை. அதில் மிகச் சிறிய அளவில் மார்பீன் ஒட்டியிருக்கும். கசகசா நிறையச் சேர்த்துச் சாப்பிட்டவரின் சிறுநீர் சில வேளைகளில் "உண்டு" என்று காட்டிவிடும். இந்தக் காரணத்தாலேயே அமெரிக்க அரசு, வேலைக்கான சோதனையில் ஒரு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராம் என்றிருந்த எல்லையை 1998இல் 2,000 என்று உயர்த்தியது. இருமல் மருந்தில் உள்ள கோடீனும் மார்பீன் சோதனையில் "உண்டு" என்றே காட்டும். மார்பீனிலிருந்து கோடீன் வேறுபடும் இடத்தில்தான் 1970இல் வந்த முதல் மார்பீன் சோதனையின் கைப்பிடியை வைத்திருந்தார்கள். வேற்றுமை இருந்த இடம் மறைந்துபோனால் ஆன்டிபாடிக்கு எப்படித் தெரியும்?

டிராமடாலின் நிலையோ நேர்மாறு. அதன் வடிவம் மார்பீனிலிருந்து மிகவும் விலகியிருப்பதால் மார்பீன் சோதனையின் ஆன்டிபாடி அதைத் தொட்டும் அறியாது. டபென்டடால் என்ற இன்னொரு வலி மாத்திரையை இளைஞர்கள் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்ளும் கொடுமையைத் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் நீங்களே வாசித்திருப்பீர்கள். டிராமடாலில் உள்ள அந்த நடு வளையம் டபென்டடாலில் கிடையாது. அதை உறுதியாகப் பிடிக்க அதற்கென்று தனி வழிப்பொருளும் தனி ஆன்டிபாடியும் தேவை. பழைய சோதனை இருக்கும்போது ஏன் புதியது என்று கேட்டவர்களுக்கு எங்கள் பதில் இதுதான். ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி வேண்டியிருக்கிறது.

மணியடிக்கும் என்ஸைம்

அடையாளம் கண்டால் மட்டும் போதாது. கண்டதை நமக்குச் சொல்லவும் வேண்டும். அமெரிக்காவில் ரோசலின் யாலோ அம்மையாரும் சாலமன் பெர்சனும் முதலில் கதிரியக்க அயோடினைக் கொண்டு இதைச் செய்தார்கள். யாலோ 1977இல் நோபல் பரிசு பெற்றார். பெர்சன் 1972இலேயே காலமாகிவிட்டார். கதிரியக்கப் பொருளை வைத்துக் காப்பதும் அப்புறப்படுத்துவதும் சிறிய மருத்துவமனைகளுக்கு இயலாத காரியம். 1971இல் ஸ்வீடனிலும் ஹாலந்திலும் தனித்தனியே ஆராய்ந்தவர்கள் கதிரியக்கத்துக்குப் பதிலாக என்ஸைமைப் பயன்படுத்தலாம் என்று காட்டினார்கள். எங்களைப் போன்ற ஆய்வுக்கூடங்களுக்குக் கதவு திறந்தது அப்போதுதான்.

இங்கேயும் அதே கைப்பிடிதான் உதவுகிறது. டிராமடால் வழிப்பொருளை இந்தமுறை ஓர் என்ஸைமோடு ஒட்டுகிறார்கள். தட்டின் சிறு குழிகளில் குறைந்த அளவு ஆன்டிபாடி ஒட்டவைக்கப்பட்டிருக்கும். அதில் நோயாளியின் சிறுநீரையும் என்ஸைம் ஒட்டிய டிராமடாலையும் சேர்த்து ஊற்றுகிறோம். இருக்கும் சில இடங்களுக்கு இரண்டும் போட்டியிடும். சிறுநீரில் மருந்து இல்லையென்றால் என்ஸைம் ஒட்டியதே எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ளும். கழுவிவிட்டு நிறப்பொருளை ஊற்றினால் குழி நன்றாக நிறமேறும். சிறுநீரில் மருந்து நிறைய இருந்தால் அது இடத்தைப் பிடித்துக்கொள்ளும், என்ஸைம் கழுவலோடு போய்விடும், நிறம் வெளிறிப்போகும். ஆக, நிறம் குறையக் குறைய மருந்து அதிகம். ஓர் என்ஸைம் களைப்பில்லாமல் ஆயிரமாயிரம் மூலக்கூறுகளுக்கு நிறமூட்டுவதால், கண்ணுக்குத் தெரியாத அற்ப அளவும் தெரியும்படி பெருகிவிடுகிறது.

எவ்வளவு அற்பம் என்று கேட்பீர்கள். பல டிராமடால் சோதனைகளின் எல்லை ஒரு மில்லிலிட்டருக்கு 100 அல்லது 200 நானோகிராம். 50 மில்லிகிராம் மாத்திரை நான்கை 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியில் கரைத்தால் வரும் அளவே 200 நானோகிராம்.

அவசரப் பிரிவில் பயன்படும் அட்டைச் சோதனையில் என்ஸைம் கிடையாது. ஆனால் ஆன்டிபாடியும் போட்டியும் இதே விதம்தான். அதில் கோடு தெரிந்தால் மருந்து இல்லை. கோடு மறைந்தால் மருந்து உண்டு. கர்ப்பச் சோதனை அட்டைக்கு இது நேர்மாறு. இதனால்தான் அட்டையைப் படிக்க யாரையாவது அனுப்பினால் போதும் என்று நாங்கள் விடுவதில்லை.

சோதனை நியாயாதிபதி அல்ல

சோதனை சரியாக இருந்தும் அர்த்தம் தவறாகப்போகலாம் என்பதற்கு ஒரு விந்தையான நிகழ்ச்சியைச் சொல்லவேண்டும். 2013இல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் நாட்டுவைத்தியத்துக்குப் பயன்படும் ஒரு மரத்தின் வேர்ப்பட்டையில் டிராமடால் இருப்பதாக வெளியிட்டார்கள். மனிதன் செய்த மருந்தைத் தேவன் முன்பே மரத்தில் வைத்திருக்கிறாரே என்று பலர் வியந்தார்கள். 2014இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் வேறொன்று சொன்னார்கள். அந்தப் பகுதி விவசாயிகள் வெயிலில் களைப்பு தெரியாமல் உழைக்கத் தாங்களும் டிராமடால் விழுங்கி, உழவு மாடுகளுக்கும் கொடுத்துவந்தார்கள். அது மாட்டின் சிறுநீர் வழியாக மண்ணில் இறங்கி வேருக்குள் போயிற்று என்பது அவர்கள் முடிவு. வேரில் மருந்து இருந்தது மெய்தான். அது வந்த வழி வேறு.

ஒரு நோயாளியின் காகிதத்தில் "உண்டு" என்று எழுதும்போது நாங்கள் இதை மறப்பதில்லை. என்ஸைம் சோதனை முதற்படி. ஒருவருடைய பெயரும் பிழைப்பும் அந்த முடிவில் தொங்குமானால், மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் உள்ள பெரிய ஆய்வுக்கூடத்தில் அதை உறுதி செய்யவேண்டும். அது மூலக்கூறை எடைபோட்டுப் பார்ப்பதால் ஈசாக்கைப்போல எளிதில் ஏமாறாது.

"இல்லை" என்று வரும்போதும் அவசரப்படக்கூடாது. புற்றுநோய் வலிக்கு மாத்திரை வாங்கிப்போன ஒருவருடைய சிறுநீரில் மருந்து இல்லையென்றால் விற்றுவிட்டார் என்றுதான் உலகம் நினைக்கும். அடுத்த மாதம் பஸ்ஸுக்குக் காசில்லாமல் போனால் என்ன செய்வது என்று பாதி மாத்திரையைச் சேர்த்துவைத்து வலியைப் பல்லைக் கடித்துத் தாங்குகிற ஏழையாகவும் அவர் இருக்கலாம். அதை எந்த என்ஸைமும் சொல்லாது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

வலிக்கிறது என்று சொல்கிறவரைச் சந்தேகத்தோடு பார்ப்பது எளிது. எரிகோ வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனிடம், தனியே இந்த வழியில் ஏன் வந்தாய் என்று அந்தச் சமாரியன் விசாரிக்கவில்லை. காயம் கட்டினான், சத்திரத்துக்குக் கொண்டுபோனான், செலவுக்குப் பணமும் கொடுத்தான். பழக்கத்துக்கு அடிமையாகி வருகிறவருக்கும், உண்மையான வலியோடு வருகிறவருக்கும், இரண்டும் கலந்து வருகிறவருக்கும் கட்டவேண்டிய காயம் ஒன்று இருக்கிறது. எங்கள் சோதனை அந்தக் காயம் எங்கே என்று காட்டுகிற விளக்கு மட்டும்தான்.

உங்கள் காணிக்கை எங்கே போகிறது?

எலிசா தட்டு ஒன்றில் 96 குழிகள் இருக்கும். அதில் சிலவற்றை, அளவு தெரிந்த மாதிரிகளுக்கும் கட்டுப்பாட்டு மாதிரிகளுக்கும் ஒவ்வொரு முறையும் ஒதுக்கவேண்டும். இல்லாவிட்டால் முடிவை நம்பமுடியாது. ஒருவருக்காகச் செய்தாலும் இருபது பேருக்காகச் செய்தாலும் அந்தச் செலவு உண்டு. ஆன்டிபாடியும் என்ஸைமும் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்கவேண்டும். மின்சாரம் நின்று குளிர்பெட்டி சூடானால் கருவித்தொகுப்பு வீணாகும். காலாவதித் தேதியும் காத்திருக்காது. உறுதிச் சோதனைக்கு மாதிரியை வெளியூருக்கு அனுப்பும் செலவு தனி. இவை எதையும் நோயாளியின் பில்லில் சேர்க்கமுடியாத சமயங்கள் உண்டு. அங்கேதான் உங்கள் காணிக்கை நிற்கிறது.

நீங்கள் கொடுப்பது ஒரு கட்டிடமாக எழும்பி நிற்காது. அதன்மேல் பெயர் பொறித்த கல்லும் வைக்கமுடியாது. ஒரு துளியில் ஒரு நிறமாகத் தோன்றி மறைந்துவிடும். ஆனால் அந்த நிறத்தைப் பார்த்து இராத்திரியில் டாக்டர் சரியான மருந்தைக் கையில் எடுப்பார். தாயார் சொன்னது மெய் என்று தெரியவரும்.

கடைசியாக, உங்கள் ஜெபத்துக்காகச் சில குறிப்புகள்:

1. வலி மாத்திரைக்கு அடிமைப்பட்டு, வெளியே சொல்ல வெட்கப்பட்டு மறைந்திருக்கிறவர்கள் துணிந்து உதவி தேடி வர.

2. உண்மையான வலியோடு இருக்கிறவர்களுக்கு, மற்றவர்கள் செய்த துஷ்பிரயோகத்தினால் மருந்து மறுக்கப்படாதிருக்க.

3. உலகெங்கும் இந்த வழிப்பொருள்களையும் ஆன்டிபாடிகளையும் பொறுமையோடு செய்துவரும் விஞ்ஞானிகளுக்காக. அவர்கள் பெயரை நாம் அறியோம்; அவர்கள் வேலையின் பலனை அனுபவிக்கிறோம்.

4. ஆய்வுக்கூடத்தில் இருக்கும் எங்களுக்காக. குப்பியைப் பார்க்கும்போது அதற்குப் பின்னால் உள்ள முகத்தை மறவாதிருக்க.

 கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.